தழும்பு எங்கே, அக்கா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதக் கட்டில் மூன்று தைராய்டு கடிதங்கள். மூன்றுமே பிறவியிலேயே சுரப்பி சரியாக அமையாத கதைகள். அதனால் சர்க்கரை, முழங்கால் வலி கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் டாக்டர் இல்லை. பலதுறை மருந்தகத்தில் 33 வருஷம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள்.

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. வருகிற தை மாதம் கல்யாணம். வேலையிடத்தில் நடந்த உடல் பரிசோதனையில் கழுத்து ஒரு பக்கம் தடிப்பாக இருக்கிறது என்று ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். தைராய்டின் இடது மடல் காணப்படவில்லை, பிறவியிலேயே இல்லாமல் இருக்கலாம், வலது மடல் சற்றுப் பெரிது என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. டிஎஸ்எச் 2.8. மாத்திரை எதுவும் தரவில்லை. ஒரு வருஷம் கழித்து வரச் சொன்னார்கள். அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாதே என்கிறார். பாதிச் சுரப்பியோடு எனக்குக் குழந்தை பிறக்குமா? அதற்கும் இப்படி வருமா? மாத்திரை கொடுக்காமல் விட்டது சரியா?
– பெயர் வேண்டாம், ஈசூன்

பதில்: உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. தங்கச்சி, எனக்கும் இடது பக்கம் கிடையாது.

46 வயது வரை எனக்கே தெரியாது. இரண்டு பிள்ளை பெற்று, இரவுப் பணி பார்த்து, தீபாவளிக்கு முந்தைய நாள் நூற்றைம்பது முறுக்கு சுட்டு, எல்லாம் அந்த ஒற்றைப் பக்கத்தை வைத்துக்கொண்டுதான். எச்சில் விழுங்கும்போது ஏதோ தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று ஸ்கேனுக்குப் போனேன். நான் வேலை பார்த்த இடம் இல்லை, வேறோர் இடம். ஸ்கேன் எடுத்த பெண் கழுத்தின் இடது பக்கம் கருவியை வைத்து அழுத்தினாள், நகர்த்தினாள், இன்னும் கொஞ்சம் ஜெல் பிதுக்கினாள். பிறகு என் தாலிச் செயினை இரண்டு விரலால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தோலை உற்றுப் பார்த்தாள். "தழும்பு எங்கே, அக்கா? எந்த வருஷம் ஆபரேஷன் பண்ணீங்க?" என்றாள். நான் எந்த ஆபரேஷனும் செய்துகொள்ளவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. மறந்திருப்பீங்க என்றாள். கழுத்தை அறுத்ததை யாராவது மறப்பார்களா?

ரிப்போர்ட் வந்தது. "இடது மடல் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டுள்ளது" என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியை மாற்ற நான் இரண்டு முறை நேரில் போய், ஒரு கடிதமும் கொடுக்க வேண்டியிருந்தது. ஏன் அவ்வளவு அலைந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயமே அதுதான்.

முதலில் அம்மாவுக்கு. தைராய்டு கழுத்தில் உருவாவதில்லை. கரு மூன்று நான்கு வாரத்தில் இருக்கும்போது நாக்கின் அடியில் ஒரு சின்ன முளையாகத் தொடங்கி, மெல்லக் கீழே இறங்கி, இரண்டாகப் பிரிந்து, ஏழாவது வாரம் வாக்கில் குரல்வளைக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிடும். வண்ணத்துப்பூச்சி மாதிரி இரண்டு மடல், நடுவே ஓர் இணைப்பு. இந்தப் பயணத்தில் எங்கேயோ ஒரு பக்கம் உருவாகாமல் போனால் உங்களையும் என்னையும் போல. இதற்கு ஹெமிஅஜெனிசிஸ் என்று பெயர். ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இருந்தால் பயப்படாதீர்கள், ஒரு பக்கம் உருவாகவில்லை என்று கிரேக்கத்தில் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இதெல்லாம் நடக்கும் நாட்களில் உங்கள் அம்மாவுக்குத் தான் கர்ப்பம் என்பதே சரியாகத் தெரிந்திருக்காது. அவர் சாப்பிட்டதாலோ, சாப்பிடாததாலோ, கிரகணத்தன்று வெளியே போனதாலோ வந்ததில்லை. (கிரகணத்தைச் சும்மா சொல்லவில்லை. என் அம்மா கடைசிவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.)

1866-இலேயே இதை மருத்துவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இல்லாமல் போவது இடது பக்கம்தான். கண்டுபிடிக்கப்படுபவர்களில் பெண்களே அதிகம். ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில் 500 பேருக்கு ஒருவர் என்றும் 5,000 பேருக்கு ஒருவர் என்றும் கணக்கு மாறி மாறி வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது என்பதால், வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரிந்தால்தான் உண்டு.

பாதிச் சுரப்பி என்றால் பாதி ஹார்மோன் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. தேக்கா உணவங்காடியில் இரண்டு கல்லில் தோசை வார்க்கும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஒரு கல்லை ஏற்றவே இல்லை. வரிசையில் நிற்கும் கூட்டம் குறைவதில்லை. கல்லாவில் இருப்பவர் கொஞ்சம் உரக்கக் கத்துகிறார், இருக்கிற ஒரு கல்லிலேயே மாஸ்டர் வேகமாக வார்க்கிறார். சாப்பிடுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிதான் அந்தக் கல்லாக்காரர். அவர் போடும் சத்தம்தான் டிஎஸ்எச். ஒற்றை மடல்காரர்களுக்கு அந்தச் சத்தம் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது உண்டு. மடல் கொஞ்சம் பருத்தும் போகும். உங்கள் வலது பக்கம் பெரிதாக இருப்பதற்குக் காரணம் அது உழைப்பதுதான். பெரியவர்களுக்கு டிஎஸ்எச் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்கலாம் என்பார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறும். உங்களுக்கு 2.8. வேலை ஒழுங்காக நடக்கிறது. நடக்கிற வேலைக்கு மாத்திரை எதற்கு? கொடுக்காமல் விட்டதுதான் சரி. வருஷத்துக்கு ஒரு முறை ரத்தத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். இடையில் காரணமில்லாமல் எடை ஏறினாலோ இறங்கினாலோ, படபடப்பு வந்தாலோ, தாங்க முடியாத அசதி வந்தாலோ முன்னதாகவே போய்ப் பாருங்கள்.

கல்யாணப் பெண் என்பதால் ஒன்று கேட்கிறேன். முடி வளர, நகம் பளபளக்க என்று மிட்டாய் மாதிரி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? அவற்றில் பயோட்டின் நிறைய இருக்கும். அது தைராய்டை ஒன்றும் செய்யாது, ஆனால் பரிசோதனையைக் குழப்பிவிடும். டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்து, ஹார்மோன் பொய்யாகக் கூடி, உங்களுக்கு இல்லாத வியாதி இருப்பதாகக் காட்டலாம். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தைராய்டுக்கு நல்லது என்று யாராவது கடற்பாசி மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள். அயோடின் குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். முட்டைக்கோஸ் பொரியலை மட்டும் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

குழந்தை பிறக்கும். எனக்கு இரண்டு பிறந்தன என்று சொன்னேனே. ஆனால் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே ஒரு டிஎஸ்எச் பார்த்துவிடுங்கள், தரித்த உடனே இன்னொன்று. கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்குமே ஹார்மோன் தேவை கூடும். முதல் மூன்று மாதம் சிசுவுக்குச் சொந்தச் சுரப்பு கிடையாது, அம்மா கொடுப்பதுதான். ஒற்றைக் கல்லில் ஓடும் கடைக்கு அது பெருநாள் கூட்டம். சமாளித்துவிட்டால் நல்லது, இல்லையென்றால் அந்த மாதங்களுக்கு ஒரு சின்ன மாத்திரை. குழந்தைக்கும் இப்படி வருமா என்றால், பெரும்பாலும் இது ஒரே ஆளோடு முடிந்துவிடும். சில குடும்பங்களில் மட்டும் தொடர்ந்திருக்கிறது. எப்படியும் இங்கே சிங்கப்பூரில் பிறக்கிற குழந்தைக்குத் தைராய்டு சோதனை செய்துவிடுவார்கள். அதை அடுத்த கடிதத்தில் பாருங்கள்.

மாப்பிள்ளை விஷயம். இங்கே நான் தாதியாகப் பேசவில்லை, நாலு கல்யாணத்தை முன்னின்று நடத்தியவளாகப் பேசுகிறேன். சித்தப்பா, பெரியம்மா எல்லோரையும் கூட்டி வைத்து அறிவிக்க வேண்டியதில்லை. அவர்கள் "பாதி" என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு போய் ஊர் முழுக்கச் சொல்வார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் மட்டும் சொல்லுங்கள். ரிப்போர்ட்டையும் ரத்தப் பரிசோதனையையும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து, பத்து நிமிஷம். நாளைக்கு உங்களுக்கு அவசரம் என்றால் டாக்டர் கேள்வி கேட்கப்போவது அவரைத்தான், பெரியம்மாவை இல்லை.

இப்போது அந்த ஒரு வரிக் கதை. இருக்கிற மடலில் எதிர்காலத்தில் கட்டி வரலாம், வீக்கம் வரலாம், கூடுதலாகச் சுரக்கலாம். இரண்டு மடல் உள்ளவர்களுக்கு வருவது எல்லாம் ஒற்றை மடலுக்கும் வரும். அப்போது ஓர் அறுவை மருத்துவர், "ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிடலாம், இன்னொரு பக்கம் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லக்கூடும். மற்றவர்களுக்கு அது பாதி. நமக்கு அது மொத்தமும். எடுத்த மறுநாளிலிருந்து ஆயுசுக்கும் மாத்திரை. எடுத்தே ஆக வேண்டும் என்றால் எடுக்கத்தான் வேண்டும், ஆனால் தெரிந்து எடுக்க வேண்டும். என் ரிப்போர்ட்டில் இருந்த மாதிரி "அகற்றப்பட்டுள்ளது" என்று எழுதியிருந்தால், எதற்காக அகற்றினார்கள், புற்றா, என்று அடுத்தவர் தேட ஆரம்பித்துவிடுவார். இன்னொரு குழப்பமும் உண்டு. கதிரியக்க மருந்து கொடுத்து எடுக்கும் தைராய்டு ஸ்கேனில் ஒரு பக்கம் மட்டும் ஒளிரும். அதிகமாகச் சுரக்கும் கட்டி ஒன்று மறுபக்கத்தை அடக்கி வைத்திருந்தாலும் படம் அப்படியேதான் தெரியும். மறுபக்கம் இருந்து அடங்கிக் கிடக்கிறதா, அடியோடு இல்லையா என்பதைச் சாதாரண அல்ட்ராசவுண்ட் காட்டிவிடும். உங்களிடம் அந்த ரிப்போர்ட் இருக்கிறது. கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் மருந்து ஒவ்வாமை சொல்வதுபோல இதையும் சொல்லுங்கள்: "இடது தைராய்டு பிறவியிலேயே இல்லை, அறுவை இல்லை." நான் பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், பஸ், ரயிலுக்குக் காட்டும் ஈஸிலிங்க் அட்டைக்குப் பின்னால்.

அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: தாதியம்மாவுக்கு வணக்கம். என் பேத்தி பிறந்து 19 நாள். பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தில் ஏதோ கூடுதல் என்று நாலாவது நாள் போன் வந்தது. மறுபடி ரத்தம் எடுத்து, ஸ்கேன் செய்து, தைராய்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, நாக்கின் அடியில் கொஞ்சம் மட்டும் இருக்கிறது என்றார்கள். ஒன்பதாம் நாளிலிருந்து தைராக்ஸின் 37.5 மைக்ரோகிராம். என் மனைவி அறுபது வயதில் சாப்பிடுவதே 50தான். இத்தனூண்டு குழந்தைக்கு இது அதிகமில்லையா? குழந்தை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள். மருமகள் அழுதுகொண்டே இருக்கிறாள். வளர வளர அந்தச் சுரப்பி தானாக இறங்கிவிடாதா? உரைமருந்தோடு சேர்த்துக் கொடுக்கலாமா?
– தாத்தா, புக்கிட் பாத்தோக்

பதில்: ஐயா, பேத்தி நல்ல காலத்தில் பிறந்திருக்கிறாள். பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் தைராய்டைத் தேடும் முறையை 1970களில் கனடாவின் கியூபெக்கில் ஜான் டுசோ என்ற மருத்துவர் தொடங்கினார். சிங்கப்பூரில் 1965 முதலே ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் குறைவா என்று பார்க்கும் சோதனை உண்டு, துணி அலமாரியில் அந்துருண்டை வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புவோமே, அது. 1990 முதல் தைராய்டும் சேர்ந்துகொண்டது. அதற்கு முன்பெல்லாம் குழந்தையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பார்க்கவோ நன்றாகத்தான் இருக்கும், உங்கள் பேத்தி மாதிரி. வயிற்றில் இருந்தபோது அம்மாவின் ஹார்மோன் கொஞ்சம் போயிருக்கும். அது தீரத் தீரத்தான் மஞ்சள் காமாலை தெளியாது, மலம் கட்டும், பாலுக்கு எழாமல் தூங்கும், அழுகை கரகரக்கும், நாக்கு தடித்து வெளியே தெரியும். "அழவே மாட்டாள், ரொம்பச் சமத்து" என்று வீட்டில் பெருமைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்குள் மூளை வளர்ச்சி பின்தங்கிவிடும், போனது முழுதாகத் திரும்பாது. உலகம் முழுக்கப் பார்த்தால் 2,000 முதல் 4,000 குழந்தைகளுக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. பிறந்து இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்பார்கள். உங்கள் வீட்டில் ஒன்பதாம் நாளே தொடங்கிவிட்டார்கள். மருமகளிடம் இதை முதலில் சொல்லுங்கள். நிரந்தரமாகச் சுரப்பு குறைந்து பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இதுதான்: சுரப்பி அடியோடு இல்லை, சிறுத்திருக்கிறது, அல்லது வழியில் நின்றுவிட்டது. அவள் செய்த தவறு எதுவும் இல்லை.

அளவு அதிகமில்லை. குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் கணக்கு. பெரியவர்களுக்குச் சுரப்பியே இல்லாவிட்டாலும் கிலோவுக்கு 1.6 போதும். குழந்தை உடம்பு ஹார்மோனை அவ்வளவு வேகமாகச் செலவழிக்கிறது. பாட்டியின் 50, சொந்தச் சுரப்புக்கு மேல் ஒரு கைகொடுத்தல். பேத்திக்கு அதுதான் சாப்பாடே.

உரைமருந்து வேண்டாம், ஐயா. வசம்பும் ஜாதிக்காயும் உரசும் அந்தக் கல்லை எடுத்து வையுங்கள். தேனும் ஒரு வயது வரை கூடாது. மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் மாவாகிவிடும். அதில் ஒரு சின்னக் கரண்டித் தாய்ப்பாலோ தண்ணீரோ விட்டுக் குழைத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். கரண்டியில் வெள்ளையாக ஒட்டியிருக்கும், இன்னும் இரண்டு சொட்டு விட்டு அதையும் வழித்துக் கொடுங்கள். 37.5இல் கால்வாசி கரண்டியிலேயே தங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பால் புட்டியில் மட்டும் கலக்காதீர்கள். பாதி குடித்துவிட்டுத் தூங்கினால் பாதி மருந்து போச்சு. சோயா பால், இரும்புச் சத்துத் துளி, கால்சியம் இவை மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், இடைவெளி விட வேண்டும். தினமும் ஒரே நேரம். டப்பாவை அடுப்பங்கரையில் வைக்க வேண்டாம், ஆவியும் ஈரமும் மாத்திரைக்கு ஆகாது. முதல் வருஷம் அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள், எடை ஏற ஏற அளவு மாறும். ஊசி குத்துகிறார்களே என்று ஒரு முறைகூடத் தவறவிடாதீர்கள்.

சுரப்பி இறங்காது. இறங்குகிற காலம் வயிற்றுக்குள்ளேயே முடிந்துவிட்டது. சில குழந்தைகளுக்கு மூன்று வயதில் மருந்தை நிறுத்திப் பார்ப்பார்கள். ஆனால் சுரப்பி இடம் மாறி இருப்பது ஸ்கேனில் தெரிந்துவிட்டால் மருந்து ஆயுசுக்கும்தான். ஒரு சின்ன மாத்திரை. ஒழுங்காகக் கொடுத்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்வாள், படிப்பாள். உங்களிடம் எதிர்த்தும் பேசுவாள்.

அப்புறம், பாட்டி தன் 50ஐக் காலைக் காப்பியோடு சேர்த்து விழுங்குகிறாரா? கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி.

கேள்வி: அக்கா, 41 வயது. கழுத்து நடுவில், தாடைக்குக் கீழே கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி. வலியில்லை. நாக்கை நீட்டினால் மேலே ஏறுகிறது. பிறவிக் கட்டி, எடுத்துவிடலாம் என்று ஒரு தனியார் கிளினிக்கில் சொன்னார்கள். படம் இணைத்திருக்கிறேன்.
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தைராய்டு இறங்கி வந்த பாதை மூடாமல் நின்றுபோய், அதில் நீர் கோத்த கட்டியாக இருக்கலாம். எடுப்பது வழக்கம்தான். வெறும் கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும் என்பதால் நாக்கடி எலும்பின் நடுப்பகுதியோடு சேர்த்து எடுப்பார்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா, ஸ்கேனில் பார்த்தீர்களா?" அபூர்வமாக, அந்தக் கட்டிதான் ஆளுக்கு இருக்கிற ஒரே தைராய்டாக இருந்துவிடும். முதல் கடிதம் எழுதிய தங்கச்சிக்குச் சொன்னதேதான் உங்களுக்கும். அல்ட்ராசவுண்ட் முடிவு கையில் இல்லாமல் தேதி குறிக்காதீர்கள்.

அதுவரை கட்டியை அமுக்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள். படம் கிடைத்தது. நாக்கை நீட்டிய அந்தப் படம் திரையில் திறந்திருந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் காப்பி கொண்டுவந்து வைத்தார். யாருக்கு என்ன கோபம் என்று கேட்டார்.